வெறும் அப்பம்

படாரென்று கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி உள்ளே வந்தாள். நல்லவேளை, காவலுக்கு இருந்த கன்னியாஸ்திரி கை கழுவப் போயிருந்தார்.

"பிஷப் அனுப்புன விசாரணைச் சாமியார் வந்துட்டாரு. நல்லாக் கேட்டுக்கோ. இன்னைக்கு உனக்குக் குடுக்கப்போறது பூசையில வைக்காத வெறும் அப்பம். நெசமான புனிதைன்னா அது தெரியுமாம், வேண்டாம்னுடுவாங்களாம். நீ மூஞ்சியத் திருப்பிக்கோ, அவ்வளவுதான்!"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"கோயில் மணியடிக்கிறாரே கோயில்பிள்ளை, அவரு பொண்டாட்டி. அவளுக்குத் தெரியாம அங்க ஈகூடப் பறக்காது."

கட்டிலில் கிடந்த சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் ஒரு தொண்டைப் புண்ணில் ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. நற்கருணை அப்பம் கொடுக்க வந்த பங்குச் சாமியாரிடம், "இது ஒண்ணுதான் சாமி இறங்குது" என்று சொல்லித் தொலைத்தாள். அவர் அதை, நற்கருணையை மட்டுமே உண்டு வாழும் புனிதை என்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் போட்டு உடைத்துவிட்டார். அன்றிலிருந்து ஜன்னலுக்கு வெளியே மெழுகுவர்த்தியும் முழங்காலுமாகக் கூட்டம்.

புண் ஆறியது. "சாப்பிடலாம்போல இருக்கு அண்ணி" என்றாள்.

"இப்பப் போய் ஆறிடுச்சுன்னா உங்கண்ணனைக் கல்லால அடிப்பாங்கடி. கொஞ்சம் பொறு."

பொறுத்தாள். முகம் துடைக்கிற துண்டைப் பாலில் நனைத்துக் கொடுப்பாள் அண்ணி. அதைச் சப்பித்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். பிஷப் இல்லத்திலிருந்து காவல் போட்ட பிறகு துண்டை நனைப்பது கன்னியாஸ்திரி. வெறும் தண்ணீர். எழுந்து உட்கார்ந்தாலே சுவர் சுற்றியது.

முகத்தைத் திருப்பினால் சாகும்வரை இந்தக் கட்டில்தான். சாக ரொம்ப நாளும் ஆகாது. வாங்கி விழுங்கினால் ஊர் காறித் துப்பும். துப்பட்டும். துப்பி முடித்ததும் யாராவது ஒரு தட்டுச் சோறு போட மாட்டார்களா?

விசாரணைச் சாமியார் விறைப்பாக வந்தார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அப்பப் பெட்டியைத் திறக்கப் போனவர் தயங்கினார்.

"இது விசாரணையில சேராதும்மா. என் தங்கச்சி படுத்த படுக்கையா கெடக்குறா. டாக்டருங்க கைவிரிச்சுட்டாங்க. இனி உங்க ஜெபம் ஒண்ணைத்தான் நம்பியிருக்கேன்..." பெட்டியைத் திறந்து அப்பத்தை நீட்டினார்.

சின்னவள் வாயில் வாங்கினாள். மென்றாள். விழுங்கினாள்.

"வெறும் அப்பம்னு அண்ணி சொல்லிட்டாங்க சாமி. எனக்குப் பசிக்குது. இன்னும் இருந்தாக் குடுங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாடா, புரிந்துகொண்டார் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் பெட்டியை மூடினார். போய்க் கதவைத் திறந்தார். அண்ணன், அண்ணி, அவர்களுக்குப் பின்னால் வாசல் நிறையக் கூட்டம், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"வாங்கிக்கலை" என்றார், கட்டில் பக்கம் திரும்பாமலே. "முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க."