புதன்கிழமை கிசிர்

ஐந்து விரலும் சிவந்து, மிளகாய் விழுது நகக்கண் வரை ஏறி எரிகிறது, ஆனாலும் பிசைந்துகொண்டே இருக்கிறேன், வேகவைத்துக் காயவைத்து உடைத்த கோதுமை நொய் இது, நம் புழுங்கல் அரிசி மாதிரி புழுங்கல் கோதுமை, துருக்கிக்காரர்கள் புல்குர் என்பார்கள், இதை அடுப்பில் ஏற்றவே கூடாது, கொதிக்கிற தண்ணீரை மட்டாக ஊற்றித் தட்டைப் போட்டு மூடினால் தானே ஊறித் தானே மலரும், யூட்யூபில் ஒரு அம்மாள் இதைக் குக்கரில் வைத்து மூன்று விசில் விடுகிறாள், கடுகு தாளிக்கிறாள், துருக்கி உப்புமா ரெடி என்று பல்லைக் காட்டுகிறாள், அவளுக்கு நாலு லட்சம் ரசிகர்கள், தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்கிறவர்களுக்குத்தான் கூட்டம் சேருகிறது, அந்த விஷயத்தில் நான் அவளுக்கு இளைத்தவன் இல்லை, என்ன, எனக்குக் கூட்டம் ஒரே ஒரு ஆள், அவள் இப்போது சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இன்னும் அழுத்திப் பெசையுங்க, கட்டி கட்டியா இருக்குது என்கிறாள், கோகிலவாணி, பதினாறு வருடமாக என் மனைவி. வியாழக்கிழமை அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள், நாங்கள் துருக்கியில் இருந்தபோது எதிர் வீட்டில் குடியிருந்த நெர்மின் ஒன்பது வருடம் கழித்து அவளை ஃபேஸ்புக்கில் தேடிக் கண்டுபிடித்திருந்தாள், சிவப்பும் பச்சையுமாக ஒரு கிண்ணத்தின் படம், கீழே கிசிர் என்று ஒரே ஒரு சொல், பக்கத்தில் ஒரு இதயம், ஏனுங்க, இத்தனை வருசங் கழிச்சும் இவ எதுக்குங்க என்னைய மலடி மலடின்னு படத்தோட அனுப்பறா என்று கேட்டாள். அது ஒரு சாப்பாட்டோட பேரு என்றேன், அன்னிக்குத் தெரியாமச் சொல்லிப்போட்டேன் என்றேன், முதலில் சொன்னது உண்மை, இரண்டாவது பாதி உண்மை, பாதி உண்மை சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அவள் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள், அப்ப ஞாயித்துக்கெழம நீங்களே அதைப் பண்ணுங்க, நான் பாக்கறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை இன்றுதான், பிசைந்து முடிப்பதற்குள் மீதிப் பாதியையும் சொல்லிவிடுவது என்றுதான் கிண்ணத்தில் கையை விட்டேன்.

ஆனால் கை மட்டும் பேசுகிறது, வாய் பேசவில்லை, வெங்காயம் நசுங்குகிறது, தக்காளி விழுது இறங்குகிறது, எலுமிச்சை பிழிகிறேன், பிழிகிற இடம் திருப்பூராகவும் இருக்கிறது, பூர்சாவாகவும் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மலை நிற்கிறது, மூன்றாம் மாடி, என் பனியன் கம்பெனி சாயமும் துணியும் பார்த்துவர என்னை அங்கே அனுப்பியிருந்தது, நான் என்னவோ தூதர் மாதிரி கோட்டு மாட்டிக்கொண்டு போவேன், எனக்குத் தெரிந்த துருக்கி மொழி முழுக்க நூலும் சாயமும், இந்த நீலம் அந்த நீலம் இல்லை, துணி சுருங்கிவிட்டது, அனுப்புவது எப்போது, இவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டு நான் அந்த நாட்டையே கரைத்துக் குடித்தவன் மாதிரி கோகிலாவிடம் பேசுவேன், அவளும் நம்புவாள். அவளோ எதிர் வீட்டு நெர்மினோடு ஒரு சொல் தெரியாமலே நாள் முழுக்கப் பேசுவாள், நெர்மின் உப்பு டப்பாவைத் தூக்கித் துஸ் என்பாள், இவள் உப்பு என்பாள், தண்ணீரைக் காட்டி அவள் சு என்பாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நான் வேலை முடிந்து வந்தால் வீடு சிரிப்பாய்க் கிடக்கும், எனக்கு அது பிடிக்காது, ஏன் பிடிக்கவில்லை என்று இப்போது கேட்டால் சொல்லலாம், நான் இல்லாமல் அவளுக்கு ஒரு மொழி வந்துகொண்டிருந்தது. ஒருநாள் எங்கள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, கோகிலா, புதன், கிசிர், வா, நாலே சொல், பச்சைப்பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்து. கிசிர் என்றால் என்னங்க என்றாள் கோகிலா ஆசையாக, எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, போனில் அகராதியைத் தட்டினேன், மலடு, கருத்தரிக்காத, விளையாத நிலம் என்று அடுக்கிக்கொண்டே போனது.

வேறு எவனாவது இருந்தால் சிரித்திருப்பான், எதிர் வீட்டில் போய்க் கேட்டிருப்பான், புதன்கிழமை மலடி வா என்று எந்தப் பைத்தியக்காரி சீட்டு எழுதி ஒட்டுவாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பான், நான் யோசிக்கவில்லை, எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது, ஏனென்றால் அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம், ஆங்கிலம் தெரியாத, நரைத்த மீசை டாக்டர், இரண்டு பேருடைய சோதனைத் தாள்களையும் மேஜையில் விரித்து வைத்திருக்கிறார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து நிதானமாகச் சொல்கிறார், உங்கள் மனைவிக்கு ஒரு குறையும் இல்லை, குறை உங்களிடம்தான், வருந்துகிறேன், நூலும் சாயமும் மட்டுமே தெரிந்த எனக்கு அன்றைக்கென்று ஒவ்வொரு சொல்லும் கண்ணாடி மாதிரிப் புரிந்தது. கோகிலா அவர் உதட்டைப் பார்த்தாள், பிறகு என் உதட்டைப் பார்த்தாள், என்னங்க சொல்றாரு என்றாள், நான் மொழிபெயர்த்தேன், பெருசா ஒண்ணுமில்லையாம், உன்ற ஒடம்புதான் கொஞ்சம் பலவீனமா இருக்குதாம், போகப் போகச் செரியாப் போயிருமாம். ஒரு வாக்கியத்துக்கு மேல் சிரமப்படவில்லை, அவள் டாக்டரைப் பார்த்துக் கை கூப்பினாள், நன்றி சொல்லுங்க என்றாள், அதையும் மொழிபெயர்த்தேன், அது ஒன்றைத்தான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அந்த மூன்று வாரமும் மலடு என்கிற சொல் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது, அது கதவில் சீட்டாக ஒட்டிக்கொண்டு நின்றதும் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம், பயத்துக்குக் கோபவேஷம் போடுவது ஆம்பளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, உன்னைய மலடின்னு எழுதி ஒட்டிருக்கறா, இவகூடப் போயிக் கூத்தடிச்சயே என்று கத்தினேன், கோகிலா அந்தச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அர்த்தம் தெரியாத எழுத்தைப் பார்த்து அழுதாள்.

புதன்கிழமை நெர்மின் வந்து கதவைத் தட்டினாள், கோகிலா திறக்கவில்லை, மறுபடி தட்டினாள், எதிர் வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் கூட்டத்தின் பேச்சும் தட்டுச் சத்தமும் கேட்டன, அடுத்த வாரமும் தட்டினாள், அதற்கடுத்த வாரம் தட்டவில்லை, வீட்டில் சிரிப்பு நின்றது, எனக்குத் தொந்தரவு விட்டது. இரண்டு மாதம் கழித்து ஆலைக் கேண்டீனில் கரண்டியோடு நின்ற பெண், உங்களுக்குக் கிசிர் போடட்டுமா என்று கேட்டாள், எப்படித் தெரிந்தது இவளுக்கு என்று வியர்த்து நிற்கிறேன், பின்னால் நின்ற சாயப்பட்டறைக்காரன் தட்டை நீட்டி, எனக்கு நிறையப் போடு என்கிறான், நொய், தக்காளி, புதினா, மாதுளம் புளிப்புப் பாகு, சொட்டச் சொட்ட, ஏன் இந்தப் பேர் என்று கேட்டேன், யார் கண்டது, கறி சேர்க்காததால் இருக்கும் என்று தோளைக் குலுக்கிக்கொண்டு தின்றான். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அடியே அது சாப்பாடுடி என்று சொல்லியிருந்தால் போதும், ஒரு நிமிட வேலை, மாடிப்படி ஏறும்போது சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் நெர்மின் மேலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது, அது நேரே என்னிடம்தானே வந்து நிற்கும், அதனால் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சில சமயம் கனவில் அந்த மாடிப்படி வருகிறது, ஏற ஏறக் கதவுகள், கதவுக்குக் கதவு சீட்டு, எல்லாச் சீட்டும் தமிழில் இருக்கிறது, கோகிலா முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வருகிறாள், நான் ஓடிப்போய்க் கிழிக்கிறேன், விழித்துப் பார்த்தால் அவள் பக்கத்தில் தூங்குகிறாள், நானும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுகிறேன், அதுதான் என் யோக்கியதை. ஊருக்குத் திரும்பிய பிறகு அவளைப் போகாத கோயிலுக்கெல்லாம் அழைத்துப் போனார்கள், மரத்துக்கு மரம் தொட்டில் கட்ட வைத்தார்கள், காங்கேயத்துப் பெரியம்மா ஏதோ ஒரு வேரை இடித்துப் பொடியாக்கிக் கொண்டுவந்தாள், நாற்பத்தெட்டு நாள் வெறும் வயிற்றில் அவள் அதைக் குடித்து ஓங்கரித்தாள், நான் பக்கத்தில் தினத்தந்தி படித்துக்கொண்டு, மூக்கப் புடிச்சுட்டு ஒரே மூச்சுல குடிச்சுரு என்று யோசனை சொன்னேன்.

கொத்தமல்லியும் புதினாவும் அரிந்து போட்டாயிற்று, இதோ சொல்லப் போகிறேன், கோகிலா என்று வாயைத் திறக்கிறேன், வாசலில் கார் வந்து நிற்கிறது, என் அக்கா சம்பூரணம், கையில் பத்திரிகைத் தட்டு, பின்னால் பட்டுப்புடவையின் சரசரப்பு, அவளுக்கு வீட்டுக்குள் இருக்கும்போதும் சபையில் இருக்கிற நினைப்பு, வெள்ளிக்கிழமை அவள் மகள் சுபிக்ஷாவுக்கு வளைகாப்பு. தட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தாள், கோகிலாவை உட்காரச் சொன்னாள், குரலில் தேன் தடவிக்கொண்டாள், கண்ணு, மொறைப்படி தாய்மாமன் பொண்டாட்டி, அத்தைக்காரி நீதான் மொத வளையல் போடோணும், எனக்கென்ன ஆசையில்லையா, ஆனா மாப்பளையூட்டுக்காரங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க, வயித்துப்புள்ளத்தாச்சி பாரு, நீ பந்தியப் பாத்துக்க, வளையல என்ற சின்ன நாத்தனா போட்டுக்கட்டும், மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. செரிங்க அண்ணி என்றாள் கோகிலா, அவ்வளவுதான், பந்திக்கு எத்தனை இலை என்று கேட்கிற குரலில் சொன்னாள், சுபிக்ஷாவுக்குக் காது குத்தினபோது மடியில் வைத்திருந்தவள், அம்மை போட்டபோது பதினோரு நாள் வேப்பிலையோடு பக்கத்தில் படுத்திருந்தவள்.

நான் கிண்ணத்தைக் கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்தேன், முட்டைக்கோஸ் இலையில் ஒரு கை வைத்துச் சுருட்டிக் கொடுத்தேன், அவள் வாயில் போட்டு மென்றாள், இதென்றா நொய்யில புளிக்கரைசலாட்ட இருக்குது, ஆனா நல்லாத்தான் இருக்குது, பேரென்ன என்றாள், கிசிர் என்றேன், அப்படின்னா என்றாள், மலடுன்னு அர்த்தம் என்றேன், அவள் மெல்லுவதை நிறுத்தினாள், கோகிலாவை ஓரக்கண்ணால் பார்த்தாள், அந்தப் பார்வைதான் என் வாயைத் திறந்தது, அங்க பாக்காதக்கா, என்னையப் பாரு, கொறை எங்கிட்டத்தான், பூர்சாவுல டாக்டர் அப்படித்தான் சொன்னாரு, இவளுக்கு ஒண்ணுமேயில்லைன்னு சொன்னாரு, நான்தான் மாத்திச் சொல்லிப்போட்டேன், இவளுக்கே இப்பத்தான் தெரியும். சொல்லி முடித்த பிறகும் கோகிலா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அக்காவுக்குக் கண் கலங்கியது, என் தாடையைத் தொட்டுக் கும்பிட்டாள், பாத்தயா கோகிலா, கட்டுனவ மனசு நோகக்கூடாதுன்னு இல்லாத பழியத் தன்ற தலையில போட்டுக்கறான், இப்படியொரு புருசன் எவளுக்குக் கெடைப்பான், நீ குடுத்து வெச்சவ.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது, உண்மையையும் சொல்லியாயிற்று, யாரும் நம்பவும் இல்லை, கூடவே தியாகிப் பட்டம் வேறு, இதைவிட மலிவாக ஒருவன் தப்பிக்க முடியாது, அந்த நிம்மதி முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், கோகிலா அதைப் படித்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை, என் சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன், அதையும் செய்யவில்லை, அண்ணிக்கு வெளங்கலையாட்ட இருக்குதுங்க, இன்னொருக்கா சொல்லுங்க என்றாள். சொன்னேன், அக்கா மறுபடி ஏதோ சொல்ல வந்தாள், இன்னொருக்கா என்றாள் கோகிலா, மறுபடி சொன்னேன், ரிப்போர்ட்டு பீரோவுல கெடக்குது, என்ற பேருதான் அதுல இருக்குது, நான் பொய் சொன்னவன், தியாகியில்ல என்றேன், மூன்றாவது தடவைதான் அக்காவின் முகம் இறங்கியது, அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் அதுவரை பார்த்ததில்லை, கோயிலிலும் கல்யாணத்திலும் அவள் கோகிலாவைப் பார்க்கிற அதே பார்வை, இரண்டு நிமிடம்கூட என்னால் அதைத் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கெழம மொத வளையல் நாந்தான் போடுவனுங்க அண்ணி என்றாள் கோகிலா, அக்கா தலையசைத்தாள், வேறென்ன செய்வாள், ஆனா மாப்பளையூட்டுல கேட்டா என்ன சொல்றது சாமி என்றாள் மெதுவாக, கேக்கறவரைக்கும் எதுக்குங்க காத்திருக்கோணும், இவரே சொல்லிருவாரு, பொம்பளைங்க உள்ள வளையல் போடறப்ப ஆம்பளைங்க எல்லாரும் வெளிய பந்தல்ல சும்மாத்தானே ஒக்காந்திருப்பாங்க, ஒவ்வொருத்தருகிட்டயும் போயி இவரு வாயால சொல்லட்டும், துருக்கிப் பேச்சு வேண்டாம், தமிழ்லயே சொல்லலாம் என்றாள், பிறகு ஏதோ பந்திக்கு இலை கணக்கெடுக்கிற மாதிரி, ஆம்பளைங்க எத்தன பேருங்க அண்ணி வருவாங்க என்று கேட்டாள். அக்கா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள், மாப்பளையூட்டுக்காரங்களையும் சேத்து நூத்தம்பது பேரு வருவாங்க கண்ணு என்றாள், கேட்டுக்குங்க என்றாள் கோகிலா என்னிடம்.