இரண்டாம் பயன்பாட்டுக்கு ஒரு வாக்கியம்

கேளுங்கள், சீக்கிரம் கேட்டு முடியுங்கள். அடுப்பு ஆயிற்று. சாவி ஆயிற்று. குழாய் ஆயிற்று. இனிக் குடைதான் பாக்கி. குடையும் வந்துவிட்டால் நான் கிளம்பிவிடுவேன்.

மனதுக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டு, ஒரு காலில் செருப்போடும் மற்றதில் ஒன்றும் இல்லாமலும் அவள் வாசலில் நின்றாள். கணவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதலில் பார்த்தது வேறு வானம் என்பதுபோல மறுபடி பார்த்தார்.

"குடையை எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

"பெரிசா, மடக்குறதா?"

"மடக்குறது."

"அது காத்துல திருப்பிக்கும். நீ அதோட மல்லுக்கட்டிக்கிட்டு நடுரோட்டுல நிப்பே. வர்ற வண்டிக்காரன் உன்னைப் பார்ப்பானா, குடையைப் பார்ப்பானா?"

இது புதிது. அவளுக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு ஓடியது. அவருக்கு முகத்தைக் காட்டாமல் படியிறங்கி, முதல் திருப்பத்தில் நின்று, பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துச் சுவரில் வைத்து எழுதினாள். அவர் சொன்னதை அப்படியே. கீழே சிறிய எழுத்தில்: பேசியவர், கணவர். இடம், வாசல். நாற்பத்து மூன்றாவது சீட்டு.

இது அவளுடைய வேலை. மூன்றாவது மாடியில் நான்கு மேசைகளும் சுவர் நிறைய இழுப்பறைகளும் கொண்ட அலுவலகத்தில், ஆங்கிலம் படிப்பவர்களுக்காக ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வேண்டும். அவற்றில் எதையும் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதக்கூடாது என்பது ஆசிரியரின் சட்டம். யாராவது ஒருவர் எங்காவது உண்மையாகவே சொல்லியிருக்க வேண்டும். அதைக் காதால் கேட்டுச் சீட்டில் எழுதி வரவேண்டும். பழைய பதிப்பில் 'அவன் வீணே கலக்கமுறுகிறான்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. "கலக்கமுறுகிறான்னு எந்த வீட்ல சொல்றாங்க? விலாசம் கொடுங்க, நான் ஒரு நாள் போய் உக்காந்து கேட்டுட்டு வரேன்" என்பார் ஆசிரியர்.

அவளுக்குக் கொடுத்திருந்த ஆங்கிலச் சொல் ஃபஸ் (fuss). பதினொரு வருடம் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்தவளுக்கு முதன்முதலாக முழுசாக ஒரு சொல். பதிவின் அடியில் அவள் பெயரின் முதலெழுத்து வரும். கட்டைவிரல் நகத்தை விடச் சிறிய எழுத்துதான். ஆனாலும் அவள் அதைத் தாளின் ஓரத்தில் பலமுறை எழுதிப் பார்த்திருந்தாள்.

சிறிய சொல் என்று நினைத்துத்தான் வாங்கிக்கொண்டாள். அது படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஒன்றுமில்லாததற்கு அலட்டிக்கொள்வதும் ஃபஸ். சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிச் சும்மா இருக்க முடியாமல் தவிப்பதும் ஃபஸ். பசியும் இல்லாமல் வலியும் இல்லாமல் குழந்தை சிணுங்கினால் அதுவும் ஃபஸ். இவையெல்லாம் முதல் பயன்பாடு. பக்கத்தில் ஓவர் என்று ஒரு குட்டிச் சொல் சேர்ந்துவிட்டால் அது ஒரு ஆளின் மேல் போய் விழுகிறது. அவரைத் தாங்கு தாங்கென்று தாங்குவது. அது இரண்டாம் பயன்பாடு. தமிழில் ஒற்றைச் சொல் எதுவும் எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. பக்கத்து மேசையில் மெய்ப்புத் திருத்துபவள், எங்கே பார்த்தாலும் காற்புள்ளி போடுவதால் கமா என்று பெயர் பெற்றவள், "கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டு நிக்கறதுன்னு போடுங்கக்கா" என்றாள். "அது அவசரம்மா. இது அவசரம் இல்ல. இதுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கு" என்றார் ஆசிரியர்.

நாள் முழுக்க நேரம் இருக்கிற ஒருவர் தன் வீட்டிலேயே இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடிச் சட்டத்தில் வில்லையைப் பொருத்திவிட்டு நான்கு முறை அளப்பார். அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் மாட்டிக்கொள்பவர் படியைத் தவறவிடுவார் என்பார். கடையை மூடிவிட்டு வந்த பிறகும் அந்த அரை மில்லிமீட்டர் அவர் கூடவே வந்தது. பால் பொங்குவதில், தாழ்ப்பாளில், அவள் இருமலில், எல்லாவற்றிலும் அதைத் தேடினார். பத்தொன்பது வருடமாக அவள் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சீட்டு எழுத ஆரம்பித்த பிறகு பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. எரிச்சல் வரவேண்டிய இடத்தில் பென்சில் வந்தது. இதை அவள் ஒரு முன்னேற்றம் என்றே நினைத்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் அவரவர் சீட்டுகளை உரக்கப் படிக்க வேண்டும். அவள் எழுந்து நின்று படித்தாள். படிக்கும்போது குரல் தானாகவே அவருடையதாகிவிட்டது. மூக்கின் மேல் இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வண்டிக்காரன் வந்ததும் கமா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தச் சீட்டின் மேல் சிவப்புப் பென்சிலால் எழுதினார்: 'சேர்க்கலாம். படிப்பவர் சிரிப்பார்.' பிறகு சொன்னார்:

"முதல் பயன்பாடு முடிஞ்சுது. ரெண்டாவதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. இதுல எல்லாம் அவர் குடையைப் பத்தித்தான் கவலைப்படறார், அடுப்பைப் பத்திக் கவலைப்படறார். உங்களைப் பத்தி ஒண்ணும் காணோமே."

அவள் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒரு ஆளைத் தாங்கணும். அந்த ஆளுக்கு அது கொஞ்சம் கூச்சமாவும் இருக்கணும், விட்டுட்டா நல்லாருக்காதுன்னும் இருக்கணும். அடுத்த வெள்ளி கடைசி நாள். கிடைக்கலேன்னா பழைய வாக்கியத்தைப் போட்டு, பதிவை நானே முடிச்சுடறேன். உங்க எழுத்து வராது. வருத்தப்படக்கூடாது."

குடையைப் பற்றித்தானா? அவளுக்கு அது ஏனோ சுருக்கென்றது.

சனிக்கிழமை காலையில் அவள் செய்தது அந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. சோப்பு, தீப்பெட்டி, நூல்கண்டு, பல்பு என்று எழுதிக் கணவரிடம் கொடுத்தாள். கைக்குக் கிடைத்த தாளில், பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், அதில் எழுதிவிட்டாள்.

அவர் திரும்பி வந்து சோப்பை வைத்தார். தீப்பெட்டியை வைத்தார். கடைசியாகச் சீட்டை, சிவப்புப் பென்சில் எழுத்து இருந்த முன்பக்கம் தெரியும்படி வைத்தார்.

"கடைக்காரர் இந்தப் பக்கத்தைப் படிச்சுட்டாரு" என்றார். "'வண்டிக்காரன், குடை, இதெல்லாம் நம்மகிட்ட வர்றதில்லையே சார்'னாரு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"இது மாதிரி எத்தனை இருக்கு?"

"நாப்பத்து மூணு."

"நாப்பத்து மூணு." வில்லையின் அளவைச் சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தார். "ஆபீஸ்ல எல்லாரும் படிச்சாங்களா?"

"இல்லங்க. நான்தான் படிச்சுக் காட்டினேன்."

"நடிச்சும் காட்டினியா?"

அவள் தீப்பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தாள். அவர் பல்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, பல்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் பேசவில்லை. கோபமான மௌனமாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இது எச்சரிக்கையான மௌனம். திங்கட்கிழமை பால் பொங்கி வந்தபோது அவர் அடுப்பைக் காட்டிக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"சைகையை எழுத முடியுமா?"

"முடியாது."

யோசித்துப் பார்த்தார். "இருந்தாலும் வேணாம்" என்று கையை இழுத்துக்கொண்டார். பால் பொங்கி வழிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுக்கு எதாவது சொல்லலாமில்ல?" என்றாள் அவள்.

"பால் பொங்கிடுச்சு" என்றார் அவர், செய்தி வாசிப்பவர்போல. "எழுதிக்கோ."

புதன்கிழமை வாசலில் ஒற்றைச் செருப்போடு அவள் நின்றாள். காத்திருக்கிறோம் என்பது தெரியாமலே காத்திருந்தாள். அவர் உள்ளே நாளிதழின் ஒரே பக்கத்தை நெடுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். படியில் இறங்கும்போது எதையோ பாதியில் விட்டுவிட்டு வருவதுபோல இருந்தது. இத்தனை நாளும் வீட்டிலிருந்து கிளம்புவது என்ற காரியத்தின் பாதியை அவர் செய்துகொண்டிருந்தார். அடுப்பு, சாவி, குழாய், குடை எதுவும் அவள் தலையில் இருந்ததே இல்லை. அவற்றை வைக்க இன்னொரு தலை இருந்தது. அவள் வெறும் கையோடு தன் யோசனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள். அதற்குச் சம்பளமாக அவர் பேச்சை எழுதிப் படித்து மற்றவர்களைச் சிரிக்க வைத்தாள்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. குடை வீட்டில் இருந்தது, பெரிதும் மடக்குவதும். அவள் தொப்பலாக நனைந்து வந்தாள். அவர் துண்டை நீட்டினார். 'நான் சொன்னேனே' என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சொல்லவில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய வேதனை என்று முகத்திலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை காய்ச்சல். அவர் கடையைத் திறக்கவில்லை. கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெப்பமானியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதறினார். மறுபடி வைத்தார். நான்கு முறை.

"எவ்வளவு?" என்றாள்.

விரல்களால் காட்டினார்.

"வாயைத் திறந்து பேசுங்களேன். அஞ்சு நாளா வீடு வீடு மாதிரியே இல்ல."

"எதுக்கு? சீட்டு நிறைய மிச்சம் இருக்கா?"

"எழுதமாட்டேன்."

"காய்ச்சல்ல சொல்றே."

அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. காய்ச்சலால்தான் என்று வைத்துக்கொண்டாள். பிறகு தடுக்க முடியாமல் எல்லாமே வந்தது. நாளைக்குக் கடைசி நாள், வாக்கியம் கிடைக்கவில்லை, கிடைக்காவிட்டால் சொல் கை நழுவிப் போய்விடும், பதினொரு வருஷம் மற்றவர்கள் தப்பைத் திருத்தியாயிற்று, ஒரே ஒரு எழுத்து, அதுவும் இவ்வளவு சின்னது, நாளை எழுந்து போக முடியுமா, மழை பெய்தால் என்ன செய்வது, கமாவின் நாற்காலியில் வைத்த சீட்டுக் கோப்பு அட்டையை எடுத்து உள்ளே வைத்தோமா இல்லையா. தன் குரலைத் தானே கேட்டாள். போர்வையின் விளிம்பைத் திருகித் திருகி நூல் பிரிந்திருந்தது.

அவர் அவள் கையிலிருந்து விளிம்பை விடுவித்தார். போர்வையை இழுத்துக் கால் விரல்களை மூடி, இரு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகினார். ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்ததால் அதை மட்டும் எடுத்து மறுபடி செருகினார்.

"நீ தூங்கு" என்றார். "அந்தப் பதற்றத்தை இப்படிக் கொடு. ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பதறிக்கறேன். எனக்குப் பழக்கம்தானே."

சட்டத்தில் வில்லை உட்காரும்போது ஒரு சிறிய சத்தம் கேட்கும். அவர் கடையில் பலமுறை கேட்டிருக்கிறாள். அதே சத்தம். இரண்டாம் பயன்பாடு. கூச்சம், விட்டுவிட்டால் நன்றாக இராது என்பது, எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியர் எழுந்து நின்றுவிடுவார்.

கை தலையணைக்கு அடியில் பென்சிலைத் தேடிப் போயிருந்தது. அவர் கவனிக்கவில்லை, வெப்பமானியை உதறிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் அவர் பேசியதெல்லாம் அடுப்பைப் பற்றியா, குடையைப் பற்றியா? அவள் கையை வெளியே எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். வெறும் கை கதகதப்பாக இருந்தது. தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியிருந்தது. அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கமா தன் நாற்காலியைச் சிரிக்க வசதியாகத் திருப்பிப் போட்டு வைத்திருந்தாள்.

"கிடைச்சுதா?" என்றார் ஆசிரியர்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் கேட்காததைக் கேட்டதாகச் சொல்வதுதான் குற்றம். கேட்டதைக் கேட்கவில்லை என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை.

"கிடைச்சுது சார்."

"எங்கே, படிங்க."

"எழுதிட்டு வரலை."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல சார். வரி ஞாபகம் இருக்கு."

"அப்ப சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்." சிவப்புப் பென்சிலை எடுத்துக் கூர் பார்த்தார். எழுதக் காத்திருந்துவிட்டு நிமிர்ந்தார். "ஏன், நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் என்னம்மா? சங்கடமா இருந்தா கணவர்ங்கறதை எடுத்துடலாம். பேசியவர் யாரோ ஒருத்தர்னு போட்டுக்கறேன்."

"யாரோ ஒருத்தர் சொல்லலை சார்."

கமா நாற்காலியை மெல்ல மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆசிரியர் பழைய பதிப்பைப் பிரித்து இரண்டாம் பயன்பாட்டுக்கான வரியின் மேல் பென்சிலை வைத்தார். 'தாய் தன் மகவைச் சீராட்டினாள்.'

"இதைப் போட்டா உங்க எழுத்து வராது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒரே ஒரு வரி. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் கோப்பைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தாள். முதல் பயன்பாட்டின் சீட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, வெறும் கோப்பு அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பழசையே போட்டுக்குங்க சார்" என்றாள்.