மூன்றாவது கட்டம்

ராஸ் பிக்ஃபோர்டு காலை பத்து மணிக்கு என் ஆபீசுக்குள் வந்து, மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தார். அவர் உருளைக்கிழங்கு விவசாயி, எங்கள் ஊர் முதியோர் இல்லத்துக்குத் தலைவரும்கூட. நான் மெரின், அந்த இல்லத்தின் வக்கீல்.

"படிச்சுப் பாரு. சட்டப்படி சரியா இருக்கான்னு மட்டும் சொல்லு."

வேலையைவிட்டு நீக்கும் கடிதம். பினிதா ராய் என்ற பெயருக்கு.

"அந்த நேபாளப் பொண்ணா?"

"அவளேதான். ரெண்டு மணிக்குப் புகாரை விசாரிக்க அரசாங்க அதிகாரி வர்றாங்க. அதுக்குள்ள அவளை அனுப்பிட்டா தப்பு அவளோட போயிடும். இல்லம் பொழச்சுக்கும்."

விஷயம் இதுதான். இல்லத்தில் இருக்கும் எனிட் குவில்டிக்குத் தொண்ணூற்றொரு வயது. நான்கு நாள் முன்பு அறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் மறுகோடியில், பெர்த்தில் இருக்கும் மகள் அம்மாவின் தினசரிக் குறிப்புகளை வரவழைத்துப் பார்த்தார். பத்தொன்பது நாளாக எனிட் ராச்சாப்பாடு வேண்டாம் என்றதாக அதில் இருந்தது. எல்லாம் பினிதாவின் கையெழுத்து. டாக்டருக்கு ஒரு வார்த்தை போகவில்லை. பட்டினியில் தலைசுற்றி விழுந்திருக்கிறார் என்று மகள் புகார் கொடுத்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து எனிட் மயக்கத்தில் இருந்ததால் அவரை யாரும் கேட்கவில்லை. புகார் உறுதியானால் பினிதா இந்த நாட்டில் எந்த முதியோர் இல்லத்திலும் கால் வைக்க முடியாது.

"அவகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா, ராஸ்?"

"கேக்க என்ன இருக்கு? கைப்பட எழுதிக் குடுத்திருக்காளே!"

உண்மையைச் சொன்னால் நானும் பினிதாவின் அந்தக் குறிப்புகளை மூன்று முறை படித்து, மூன்று முறையும் அவளைத் திட்டினேன். ஆனாலும் ஒருத்தியின் பிழைப்பை முடிப்பதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டாமா? கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன்.

பினிதா துணி மடிக்கும் அறையில் இருந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. வேலை போகப்போகிறது என்று மட்டும் யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"பத்தொன்பது நாள், பினிதா. யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"இதைப் போய் என்ன தீதி சொல்றது? அவங்களுக்குப் புடிக்கலை. வாய்ல ஊத்தவா முடியும்?" தீதி என்றால் அவள் மொழியில் அக்கா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வயசானவங்க பட்டினி கெடந்திருக்காங்க. புடிக்கலைன்னு சாதாரணமா சொல்றே?"

"பட்டினியா? யாரு, எனிட்டா?" பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "கறி ரெண்டாவது தடவை கேட்டு வாங்குவாங்க தீதி! பக்கத்துல இருக்கறவங்க புட்டிங்கையும் விடமாட்டாங்க."

"அப்ப எதைத்தான் வேண்டாம்னாங்க?"

"டீயை."

அப்படியே அழுக்குத்துணிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

டாஸ்மேனியாவின் இந்த வடகரையில் பிறந்தவர்களுக்கு டீ என்றால் சாயங்காலம் உட்கார்ந்து சாப்பிடுகிற முழுச் சாப்பாடு. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் சேர்ந்ததுதான் டீ. குடிப்பதற்கு வேண்டுமென்றால் 'ஒரு கப்' என்று கேட்போம். இல்லத்தின் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: காலை உணவு, மதிய உணவு, டீ. அந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்த பினிதா, எனிட்டைக் கவனிக்க வந்த நாளிலிருந்து தினமும் ஐந்து மணிக்குப் பாலும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்த டீயை எனிட்டிடம் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். எனிட் தலையாட்டி மறுக்க, அவளும் நேர்மையாக 'டீ: வேண்டாம் என்றார்' என்று எழுதியிருக்கிறாள்.

"ராச்சாப்பாட்டுக்குக் கட்டமே இல்லையேன்னு தோணலையா?"

"தோணுச்சு. அதை கிச்சன்ல எழுதுவாங்கன்னு நெனச்சேன்."

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில், 'சட்டப்படி சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தது. பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி, என் கையெழுத்து. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. பினிதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் பயந்தே போனாள்.

இரண்டு மணிக்கு அதிகாரி ஹீதர் மன்டே வந்தார். பக்கத்து ஊர்க்காரர், கறாரான பெண். பினிதா கைகளைப் பிசைந்துகொண்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ராஸ் என்னைப் பார்த்து, கடிதம் எங்கே என்று கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தேன். எனிட் கண் விழித்துத் தெளிவாகப் பேசுகிறார் என்று மதியமே நர்சிடம் கேட்டுவைத்திருந்தேன்.

"எனிட், நீங்க பத்தொன்பது நாளா டீ வேண்டாம்னு சொன்னீங்களா?" என்றார் ஹீதர்.

"எவ சொன்னா? பொறந்ததுலேருந்து ஒரு நாள்கூட நான் டீயை விட்டதில்லைடி!"

ஹீதர் தாளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நான் குறுக்கே புகுந்தேன். "எனிட், பினிதா அஞ்சு மணிக்கு ஒரு கப் கொண்டுவருவாளே, அது?"

"ஐயோ, அந்த இஞ்சிக் கஷாயமா! தங்கமான பொண்ணு, மனசு நோகக் கூடாதேன்னு 'வேண்டாம் கண்ணு'ன்னு மட்டும் சொல்லி அனுப்பிடுவேன்."

"அப்ப எப்படி விழுந்தீங்க?"

எனிட் குரலைத் தாழ்த்தினார். "அலமாரி மேல பிஸ்கட் டப்பா இருந்துச்சு. நாற்காலில ஏறினேன். என் மககிட்ட சொல்லித் தொலைக்காதீங்க."

நர்ஸ் போனை வாங்கி எடையைச் சொன்னார். மாதத் தொடக்கத்தில் இல்லத்தில் எடுத்ததைவிட இரண்டு கிலோ கூடியிருந்தது.

படிவத்தை ஹீதர் பக்கம் தள்ளினேன். "தப்பு இந்தக் கட்டத்துல இருக்கு. அடியில இருக்கறது என் கையெழுத்து. நடவடிக்கை எடுக்கணும்னா அங்கேருந்து ஆரம்பிங்க."

ஹீதர் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு முடியாமல் மேசையைத் தட்டிச் சிரித்தார். "எங்க வீட்லயும் டீன்னா சாப்பாடுதான். நானும் அப்படியேதான் படிச்சேன்." புகாரை அன்றே முடித்துவைத்தார். புதுப் படிவம் வர வேண்டும் என்று ஒரு மாதக் கெடு மட்டும் கொடுத்தார்.

பையிலிருந்த கடிதத்தை ராஸிடம் நீட்டினேன். அவர் நான்காகக் கிழித்து, பினிதா பக்கம் திரும்பி, எங்கோ சுவரைப் பார்த்தபடி, "மன்னிச்சுக்கம்மா. உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு மறுபடியும் அழுதாள்.

மூன்று வாரம் கழித்து எனிட் திரும்பி வந்தார். அன்றுவரை புதுப் படிவம் அச்சாகி வரவில்லை. மறுநாள் அது வந்ததும் பழைய படிவங்களைத் திரும்ப வாங்கப் போனபோது, எனிட்டின் முந்தின நாள் தாளைப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தை பினிதா நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இரண்டு வரி எழுதியிருந்தாள்:

'டீ: இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

டீ: வேண்டாம் என்றார்.'