இருசாயி கையில் பச்சை

இருசாயிக்கு இது நாலாவது நடை. குண்டனி நாட்டிலிருந்து செம்மேட்டு ஆபீசுக்கு ஏறி இறங்கியதில் முழங்கால் விட்டுப்போயிருந்தது. கொல்லிமலைச் சனமான ‘மலையாளி’தான் இவள் என்று சர்க்கார் காகிதம் கிடைத்தால் மகள் பாப்பாத்திக்குக் கீழே ஹாஸ்டலில் இடம். இல்லாவிட்டால் அவளும் காலமெல்லாம் களை வெட்ட வேண்டியதுதான். எந்தப் பேரைச் சொல்லிக் கீழ்நாட்டார் கேலி செய்தார்களோ அதையே எழுதி வாங்க இன்று வரிசை! சுதந்திரம் வந்து பத்து வருசத்தில் இந்தக் கூத்து.

முன்னால் அத்தாயி நின்றாள். கூட அவள் மாமனார், ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன். இருசாயிக்குச் சொந்தச் சித்தப்பா. அவர் இவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கொல்லிமலைப் பெண்கள் பச்சை குத்துவதில்லை. இருபது வருசத்துக்கு முன் கீழே முள்ளுக்குறிச்சியில் களத்து வேலைக்குப் போன இருசாயி, வெறும் கையைப் பார்த்து ‘மலைச்சி’ என்று சிரித்தார்களே என்று முழங்கை வரை குத்திக்கொண்டு வந்தாள். சித்தப்பாதான் அவள் தொட்ட சட்டிபானையை உடைத்து, ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தார். கட்டிக்கொண்டவனும் அவளோடு ஒதுங்கியே வாழ்ந்து போய்ச் சேர்ந்தான்.

ஆபீசர் அத்தாயியின் கையைப் பார்த்தார்.

“பச்சையே இல்லையே! மலைச்சாதின்னா பச்சை இருக்கணும். நீங்க கீழ்நாட்டு ஆளுங்க. போங்க.”

அடுத்து இருசாயி. கையைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அன்றைக்குக் கையில் குத்திய பொய்யே இன்று அவள் பிறப்புக்குச் சாட்சியா?

“சாமி, இது கீழ குத்துனதுங்க. மலைக்காரின்னு தெரியக்கூடாதுன்னு குத்திக்கிட்டேனுங்க. எங்க பொம்பளைங்க கை அத்தாயி கையாட்டந்தானுங்க இருக்கும்.”

ஆபீசர் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“அப்ப நீ மட்டும் மலைக்காரின்னு யார் சொல்றது?”

யாரைக் காட்டுவாள்? பாப்பாத்தியின் படிப்பைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டாளே!

அத்தாயியோடு வாசலிலேயே நின்றிருந்த கருப்பண்ணன் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“எங்கண்ணன் மகளுங்க. எங்க புள்ளதானுங்க. மலைக்காரி பச்சை குத்தக்கூடாதுன்னு நாங்கதான் ஒதுக்கி வெச்சோம்.”

ஆபீசர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஊர்க்கவுண்டரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு இருசாயி, அத்தாயி இரண்டு பேருக்கும் காகிதம் கொடுத்தார்.

வெளியே வந்தார்கள். இருசாயிக்கு அழுகையும் வரவில்லை, சந்தோசமும் வரவில்லை. உடம்பெல்லாம் அசதி.

“எங்க புள்ளன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க, சித்தப்பா” என்றாள்.