ஜோடிக்குப் பதினைந்து

வேங்கடசுப்ரமணியனுக்குச் சீட்டாடுகிறவர்களைக் கண்டால் குமட்டும். மாதுங்காவில் அவர் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் ஞாயிறு மத்தியானம் தவறாமல் ரம்மி நடக்கும். அந்த வாசலைத் தாண்டும்போது முகத்தை அந்தண்டை திருப்பிக்கொண்டு போவார். மூளை இருக்கிறவன் கணக்குப் போடுவான், இல்லாதவன் சீட்டுப் போடுவான் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவரை, 1965 டிசம்பரில், அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி மானேஜர் அய்யாத்துரை கூப்பிட்டு, ஆபீஸ் ஆண்டு விழாவில் சீட்டு மேஜைக்குப் பொறுப்பாளராகப் போட்டார்.

"காசு கிடையாது, எல்லாம் கூப்பன்தான். ஜெயிச்ச கூப்பனுக்குப் பரிசுச் சாமான். போன வருஷம் அந்த மேஜை கையைக் கடிச்சிட்டு. இந்தத் தடவை மிஞ்சணும். ரேட் செக்ஷன் சூப்பரிண்டெண்ட் வேலைக்கு நீங்களும் தனசீலனும்தான் பாக்கி. யாருன்னு விழா முடிஞ்சதும் சொல்லுறேன்."

பாலிசிக்குப் பிரீமியம் எவ்வளவு என்று கணக்குப் போடும் செக்ஷன் அது. அந்த நாற்காலிக்காக வேங்கடசுப்ரமணியன் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். தாராவியிலிருந்து வரும் தனசீலனும் காத்திருந்தார். பாளையங்கோட்டையில் கணித எம்.ஏ. முடித்தவர். இருவருக்கும் எதிரெதிர் மேஜை. ஒருவர் தும்மினால் மற்றவர் ஜன்னலைப் பார்ப்பார்.

ஆட்டம் இருபத்தொன்று. ஆளுக்கு இரண்டு சீட்டு, வேண்டுமானால் இன்னும் வாங்கலாம். கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டினால் தொலைந்தது. இதோடு ஒரு பக்கப் பந்தயமும் உண்டு. கைக்கு வரும் முதல் இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக, அதாவது ஜோடியாக விழும் என்று தனியாகக் கூப்பன் கட்டலாம். விழுந்தால் ஒன்றுக்கு எத்தனை கொடுப்பது? அதைத்தான் வேங்கடசுப்ரமணியன் நிர்ணயிக்க வேண்டும்.

"ஒரு கட்டுல எத்தனை சீட்டு?" என்று தனசீலனைக் கேட்டார். மேஜையில் நின்று சீட்டுப் போடும் வேலை தனசீலனுக்கு.

"அம்பத்திரண்டு."

"அவ்வளவுதானே?"

"ஒரு கட்டுன்னா அவ்வளவுதான்."

அவ்வளவு போதும். ஒரு சீட்டு வந்துவிட்டால் மிச்சம் ஐம்பத்தொன்று. அதில் அதே எண் மூன்று. பதினேழு தடவைக்கு ஒரு தடவை ஜோடி விழும். நியாயப்படி ஒன்றுக்குப் பதினாறு கொடுக்கலாம். பதினைந்து கொடுத்தால் ஜனங்களும் ஆசையாகக் கட்டுவார்கள், மேஜைக்கும் மிஞ்சும். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

விழா செம்பூரில், ஒரு காலனி மண்டபத்தில். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மொத்தமும் குடும்பத்தோடு வந்திருந்தது. வேங்கடசுப்ரமணியன் மேஜையிலிருந்து தள்ளி நாற்காலி போட்டுக்கொண்டார். சீட்டை விரலால் தொடுவதாக அவருக்கு உத்தேசமில்லை. வாய் மட்டும் அங்கிருந்தே வேலை செய்தது.

மானேஜரின் மனைவி மீனாட்சியம்மாள் பதினாறு வைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டாள். ராணி வந்து விழுந்தது. போச்சு.

"மேடம், பதினாறுல இன்னொண்ணு வாங்கினா பதின்மூணுல எட்டு தடவை தலை போகும்" என்றார்.

"போனாப் போகுது. உங்க கூப்பனா?" என்றாள் அவள். "தம்பி, ஜோடிக்கு அஞ்சு கட்டுறேன், போடுங்க."

இரண்டு ஒன்பது விழுந்தது. எழுபத்தைந்து கூப்பனை வாரி மடியில் கொட்டிக்கொண்டாள்.

அவள் பக்கத்தில் நின்றவர்களும் ஜோடிக்குக் கட்டினார்கள். சிலருக்குப் போயிற்று, சிலருக்கு வந்தது. வந்தவர்கள் போட்ட கூச்சலில் சமோசா வரிசை கலைந்து இங்கே வந்தது. ஒருவரும் இருபத்தொன்றைச் சீந்தவில்லை. ஜோடி, ஜோடி, ஜோடி.

தனசீலன் கூப்பன் டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். அடி தெரிந்தது. "ரேட்டைக் குறைக்கட்டுமா?"

"தற்செயல். போகப் போகத் தானா சரியாகும். என் கணக்கு மேல கை வைக்காதீர்."

"வைக்கலை, சாமி" என்றார் தனசீலன் வெகு பணிவாக. அந்தப் பணிவு வேங்கடசுப்ரமணியனை உறுத்தியது.

"ஏங்க, இங்க பாத்தியளா!" என்று மீனாட்சியம்மாள் கத்தினாள். பரிசு மேஜையிலிருந்த பிரஷர் குக்கருக்கு வேண்டிய கூப்பன் சேர்ந்துவிட்டது. வேங்கடசுப்ரமணியன் முதல் தடவையாக எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவள் முன்னால் ஒரு இஸ்பேட் ஏழு. அதன் பக்கத்திலும் இஸ்பேட் ஏழு.

"ஒரே சீட்டு எப்படி ரெண்டு வரும்?"

மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். மீனாட்சியம்மாள் அவரை அனுதாபத்தோடு பார்த்தாள். "ரெண்டு கட்டு சேத்துப் போட்டா வராம என்ன செய்யும்? நீங்க ரம்மி ஆடினதே இல்லையா?"

ஆபீஸ் கிளப் அலமாரியில் இருப்பதெல்லாம் ரம்மிக்காகச் சேர்த்து வைத்த இரட்டைக் கட்டுகள். எந்த ஆட்டமானாலும் ஜோக்கரை மட்டும் உருவிவிட்டு அப்படியே ஆடுவார்கள். ஆபீஸில் சீட்டைத் தொட்ட எல்லாருக்கும் அது தெரியும்.

வேங்கடசுப்ரமணியனின் தலைக்குள் கணக்கு தானாக ஓடியது. நூற்று நான்கு சீட்டு. ஒன்று போனால் நூற்று மூன்று. அதே எண் ஏழு. பதினைந்துக்குச் சற்றுக் குறைந்த தடவைக்கே ஒரு ஜோடி. அதற்குப் பதினான்கு கொடுத்தாலே மேஜைக்கு நஷ்டம். அவர் கொடுத்ததோ பதினைந்து. தனசீலனைப் பார்த்தார். தனசீலன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பா காலியானதும் மேஜையை மூடினார்கள். அய்யாத்துரை வந்தார்.

"துடைச்சு எடுத்துட்டாங்களே" என்றார். முகத்தில் கோபமில்லை. "வீட்டுல ஒரே குஷி. இத்தனை வருஷத்துல ஆபீஸ் விழாவில அவ சிரிச்சு இன்னிக்குத்தான் பாக்கிறேன்." குரலைத் தாழ்த்தினார். "உள்ளதைச் சொல்லுங்க. பதினஞ்சுன்னு வச்சது தப்புக் கணக்கா? இல்ல, நம்ம வீட்டுக்காரிக்காகத் தெரிஞ்சே தாராளமா வச்சீங்களா? தப்புக் கணக்குன்னா ரேட் செக்ஷனை உங்க கையில குடுக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

வேங்கடசுப்ரமணியன் முகஸ்துதி செய்கிறவர்களைச் சீட்டாடுகிறவர்களுக்கும் ஒரு படி கீழே வைத்திருந்தார். ஆனால் 'தப்பு' என்ற சொல் தனசீலன் காதில் விழப்போகிறது.

"என் கணக்குல தப்பு வராது, சார்" என்றார். "மேடம் விளையாட வரதாக் கேள்விப்பட்டேன்."

அய்யாத்துரை அவர் முதுகில் தட்டினார். "மனுஷனுக்குக் கணக்கோட இதுவும் வேணும். சூப்பரிண்டெண்ட் நீங்கதான்."

தனசீலன் ஓரடி முன்னால் வந்தார். வாயும் திறந்தது. 'அது ரெண்டு கட்டு சார்' என்று சொன்னால், 'உமக்கு எப்போ தெரியும்?' என்று அடுத்த கேள்வி வரும். திறந்த வாயை மூடிக்கொண்டார். மானேஜர் குக்கரைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு வெளியே போனார்.

"ஏன் சாமி" என்றார் தனசீலன், "கணக்கு வராதவன்னு பேர் வாங்குறதுக்குக் காக்கா பிடிக்கிறவன்ங்கிற பேரு தேவலையாக்கும்?"

"முதல்லயே தெரிஞ்சுண்டு, சாயங்காலம் பூரா நின்னு வேடிக்கை பார்த்தவர் பேசற பேச்சா இது?"

"நீரு கேட்டது ஒரு கட்டுக்கு. நான் சொன்னதும் ஒரு கட்டுக்கு. குனிஞ்சு ஒரு தடவை மேஜையைப் பாக்கதுக்கு உமக்கு நோவு."

"திங்கக்கிழமை காலம்பற என் மேஜைக்கு வந்து குட்மார்னிங் சொல்லும். அப்புறம் பேசிக்கலாம்."

"திங்கக்கிழமை எதுக்கு? இப்பவே வச்சுக்கிடும். குட்மார்னிங், சார்."

அந்தச் 'சார்' துப்பினமாதிரி வந்தது. வேங்கடசுப்ரமணியன் அதை மேலதிகாரிக்குரிய தோரணையில், லேசாகத் தலையசைத்து வாங்கிக்கொண்டார்.