தராசுக்காரர் வீட்டு மெஷின்

"எத்தனாவது மாசம்மா?" என்று பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தபடியே ஒரு பெரியவர் அவளைக் கேட்டார்.

"ஏழு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அதையெல்லாம் நின்றுகொண்டே விளக்கத் தெம்பில்லை. உட்கார இடம் கிடைத்தது, ஒரு பொய்யோடு போயிற்று என்றுதான் நினைத்தாள். இறங்கும்போது அந்தப் பெரியவர் "பாத்து, மெதுவா" என்று கை கொடுத்தார். அந்தக் கைதான் அவளை அடித்துப் போட்டது.

பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. காலையில் கண் விழித்தால், ஐயோ, இன்னொரு பகலா என்றிருக்கும். பிள்ளை அழுதால் எடுப்பாள், பால் கொடுப்பாள், துடைத்து மாற்றுவாள். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டவள் மாதிரி, ஒரு குறையும் வைக்காமல் செய்வாள். அப்படிச் செய்வதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. வெளியே சொன்னால் பெற்ற பிள்ளைமேல் பாசமில்லையா என்பார்கள். உடம்பு பெருத்துவிட்டது என்று மட்டும் சொல்லலாம். அதற்கு எல்லோரிடமும் யோசனை இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம், "எடை பாக்குற மெஷின் ஒண்ணு கொண்டு வாங்க" என்றாள்.

அவருக்கு அது பெரிய காரியமில்லை. கடைகளின் எடை மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். கடைத்தெருவில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, தராசுக்காரர் என்றால் வழி காட்டுவார்கள். முள்ளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கொடு என்று கேட்ட வியாபாரியை, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வாசல்வரை விரட்டியவர். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்பக் கேட்காத மெஷின் ஒன்றைத் துடைத்து எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

"வாரத்துக்கு ஒருவாட்டி ஏறினா போதும். ஞாயித்துக்கெழமை மட்டும். தினம் ஏறி எறங்கினா மனசுதான் கெடும்" என்றார்.

முள் எண்பத்திரண்டு காட்டியது. மறுநாளிலிருந்து அவள் நடக்க ஆரம்பித்தாள். மாடி வீட்டில் இருக்கும் மூத்த நாத்தனார் இறங்கிவந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். அறுவை செய்த வயிறு, குனிந்தால் சுருக்கென்று இழுக்கும். அதனால் வீட்டுக்காரரே முட்டி போட்டு ஷூவுக்கு லேஸ் கட்டிவிடுவார். அவள் பஸ் டிப்போவின் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து, டயர் கடை, பள்ளிக்கூட கேட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் தாண்டித் திரும்பி வருவாள்.

அடுத்த ஞாயிறு ஏறினாள். முள் அதே எண்பத்திரண்டில் நின்றது. அவள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் ஷூவைத் தொடவில்லை, தலையும் வாரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு முள் எண்பதில் நின்றது.

"என்னங்க, இங்க வாங்களேன்!" என்று கத்தினாள். அவர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்தாள்.

அதன்பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. காலையில் எழுந்திருக்க அவளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது ஏதோ முணுமுணுப்பாள், பாட்டு என்று சொல்ல முடியாவிட்டாலும். நாத்தனார் மட்டும் மசியவில்லை.

"ஏன்டி, நீ நடந்து நடந்து ரோடுதான் தேயுது. இடுப்பு தேஞ்ச மாதிரி தெரியலையே?"

"ஆறு கிலோ கொறஞ்சிருக்கு அண்ணி. மெஷினே சொல்லுது."

"என் கண்ணு சொல்லலையே!"

நாத்தனாரின் வாய் எப்போதும் அப்படித்தான். ஒரு வியாழக்கிழமை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "கையில கனமே தெரியலையே. நீ இளைக்கிறேன்னு அரைவயிறும் கால்வயிறுமா சாப்பிடுற. பால் வத்திப்போச்சோ என்னமோ" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அவள் உடனே மெஷினை இழுத்துப் போட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் எடை எழுபத்தாறு. அதைக் கழித்தால் மீதி பிள்ளை. கழித்துப் பார்த்தாள். திரும்பவும் ஏறிக் கழித்துப் பார்த்தாள். நாலரை கிலோதான் வந்தது. போன மாதம் சுகாதார நிலையத்தில் ஐந்தரை காட்டிய பிள்ளை.

பாசமில்லாமல் வளர்த்தால் இப்படித்தான் ஆகும், அது பிள்ளைக்கே தெரிந்துவிட்டது என்று தோன்றியது. ஷூவும் போடாமல், கையில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு பிள்ளையோடு ஓடினாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் குழந்தைகளுக்கான தட்டில் பிள்ளையைக் கிடத்தினாள். பிள்ளை காலை உதறி, தட்டையே ஆட்டியது.

"ஆறு கிலோவுக்கு மேல இருக்கா. நல்லாத்தானே வளந்திருக்கா? எதுக்கு இப்படி ஓடி வர்ற?"

"வீட்டு மெஷின்ல நாலரைதான் சிஸ்டர் காட்டுச்சு."

"அப்ப உங்க மெஷின் கோளாறு."

"அதுல கோளாறு வராது சிஸ்டர். எங்க வீட்டுக்காரர் மெஷின் ரிப்பேர்தான் பண்றாரு."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பிள்ளைய என்கிட்ட குடுத்துட்டு நீயும் அந்தப் பெரிய மெஷின்ல ஏறு. யாரு மெஷின் பொய் சொல்லுதுன்னு பாத்துருவோம்."

ஏறினாள். எண்பத்தொன்று.

சிறிது நேரம் அவள் இறங்கவே இல்லை. பிறகு இறங்கி, பிள்ளையை வாங்கிக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அதன் தலையில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். நர்ஸ் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எடைக்கா இந்த அழுகை?"

"இல்ல சிஸ்டர். காலையில கண்ணு முழிக்கவே பிடிக்கல. இவ அழுதா ஓடிறலாம்னு தோணுது. நான் நல்லவ இல்லையோன்னு இருக்கு."

"எத்தனை நாளா?"

"இவ பொறந்ததுலேர்ந்து."

"இத ஏன் முன்னாடியே சொல்லல? போன மாசம் வந்தப்பகூட, எல்லாம் நல்லாருக்குன்னு தலையாட்டிட்டுப் போனியே! பிள்ளை பெத்த நெறைய பேருக்கு இது வரும்மா. இதுக்கு வைத்தியம் இருக்கு. எடை எங்கயும் ஓடிறாது, அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கு டாக்டர் இருப்பாங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. வருவேல்ல?"

தலையாட்டினாள். பிறகு, அதுதானே போன மாதமும் செய்தோம் என்று நினைத்து, "வர்றேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சாயங்காலம் அவர் வந்தபோது மெஷின் கூடத்தின் நடுவில் கிடந்தது. அதைப் பார்த்ததுமே அவர் முகம் செத்துவிட்டது.

"உள்ள என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஸ்பிரிங்க கொஞ்சம் முறுக்கி வச்சேன். ஆள் இல்லாதப்ப முள்ளு பூஜ்யத்துலதான் நிக்கும். ஏறினா கம்மியாக் காட்டும்."

"வாரா வாரமா?"

"மொத தடவை கொறையலன்னதும் நீ செவுத்தப் பாத்துப் படுத்துட்ட. கூப்பிட்டா திரும்பல. எனக்கு வேற என்ன தெரியும்? கைக்குத் தெரிஞ்ச வேலையைச் செஞ்சேன். அடுத்த வாரம் நீ சிரிச்ச. அப்புறம் நிறுத்த முடியல. நேத்துகூட வர்ற ஞாயித்துக்கெழமைக்குன்னு கொஞ்சம் திருகி வச்சேன்."

"நேத்து திருகுனீங்க, இன்னைக்கு நான் இவளத் தூக்கிட்டு ஏறினேன்." அவள் குரல் உயரவில்லை. "எம் பொண்ணு இளைச்சு இளைச்சு சாகப் போறான்னு நெனச்சு ரோட்டுல ஓடினேன். தெரியுமா உங்களுக்கு?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன வாரத்துல என்னோடது ஒரே ஒரு கிலோ. மிச்சமெல்லாம் உங்களோடது" என்றாள்.

அன்றைக்கே அவர் மெஷினைப் பிரித்தார். படிக்கற்களை வைத்து வைத்துச் சரிபார்த்து மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "இப்ப சரியா இருக்கு" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் இரண்டு பேரும் போனார்கள். டாக்டர் பொறுமையாகக் கேட்டு, பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரை எழுதிக் கொடுத்து, வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். மாத்திரை உடனே வேலை செய்யாது, சில வாரம் பிடிக்கும் என்றும் சொன்னார். அந்த ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்கிற ஒருவராவது இருக்கிறாரே.

ஆனால் நடப்பது நின்றுபோயிற்று. எதற்கு நடப்பது? காலையில் முள்ளை நினைத்துத்தான் எழுந்தாள். இப்போது அந்த முள்ளே பொய் என்றாகிவிட்டது. வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுப்பார், பிள்ளையை வாங்கிக்கொள்வார், நடக்கப் போறியா என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அப்படி ஒரு காலை நாத்தனார் இறங்கிவந்து வாசல்படியில் நின்றாள். தம்பி சொல்லி அவளுக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தும் வாய் மாறவில்லை.

"என்ன, இன்னைக்கும் ரோட்டுக்கு லீவா? டிப்போ வாட்ச்மேன் கேக்குறான், மாரத்தான் அம்மாவைக் காணோமேன்னு. அவ பஸ் ஏறி ஊரைவிட்டே போயிட்டான்னு சொல்லவா?"

"அக்கா, சும்மா இரேன்" என்றார் அவர். பிள்ளை அவர் மடியில் கிடந்து சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது முகத்தில் அடிக்கும் காற்று நினைவுக்கு வந்தது. அந்தத் திருப்பத்தில் ஒரு நாள், வீட்டில் பிள்ளை என்ன செய்கிறதோ என்று நினைத்து வேகமாக நடந்திருக்கிறாள். கடமைக்காக இல்லை, பார்க்க வேண்டும் போலிருந்தது. அன்று கிழமை என்ன, முள் எங்கே நின்றது என்பதெல்லாம் நினைவில்லை.

கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஷூ பின்னால் கிடந்தது, மெஷின் அதை மறைத்துக்கொண்டிருந்தது. மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு ஷூவை எடுத்தாள். அவர் பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல முட்டி போட வந்தார். அதற்குள் அவள் தானே குனிந்துவிட்டாள். வயிறு இடித்தது, மூச்சு முட்டியது. ஒரு காலுக்குக் கட்டி, நிமிர்ந்து மூச்சு வாங்கி, அடுத்த காலுக்கும் கட்டினாள். முடிச்சு கோணலாக விழுந்தது.

அவர் தரையில் முட்டி போட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையின் உள்ளங்காலை ஒருமுறை விரலால் தொட்டுவிட்டு, நாத்தனாரைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

"ஏய், எங்கடி போற? சொல்லிட்டுப் போகமாட்டியா?"

அவள் படியிறங்கி, டிப்போ சுவர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.