இடது கண் 1.0

தைவானின் சியாயி கடற்கரையில் சின்னதொரு தொடக்கப் பள்ளியில் பதினேழு வருடமாக நான் நர்ஸ். அரையாண்டுப் பருவத்துக்கு ஒரு முறை பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து வீட்டுக்குச் சீட்டு அனுப்ப வேண்டும். ஒரே காலையில் நூற்றுப் பத்துப் பிள்ளைகள். கண் சோதனை அட்டைக்கு எதிரிலேயே வரிசை நிற்கும். முறை வந்தவர் ஒரு கண்ணைத் தன் கையாலேயே மூடிக்கொண்டு, அட்டையிலுள்ள C எழுத்து எந்தப் பக்கம் திறந்திருக்கிறதென்று மறு கையால் காட்டுவார். 1.0 வந்தால் 'நார்மல்'. நான் எண்ணை எழுதி, "அடுத்தது" என்பேன்.

ஐந்தாம் வகுப்பு ரூயின் ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகக் கையைக் கிழித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். பள்ளி விட்டதும் அம்மாவோடு கொட்டகையில் சிப்பி உடைப்பவள்.

"சிப்பியக் குத்துறியா, கையக் குத்துறியாடி?"

"சிப்பிதான் ஆன்ட்டி நகருது."

கட்டுப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். ஜாடியைச் சாய்த்தாள். தண்ணீர் தம்ளருக்கு ஒரு விரல்கடை தள்ளி மேசையில் கொட்டியது. உடனே துணியை எடுத்துத் துடைத்தாள். பழகிய கை.

ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள்தான் இப்படி ஊற்றுவார்கள். அவளுடைய வலது கண்ணை என் உள்ளங்கையால் அழுத்தி மூடி, முகத்துக்கு முன்னால் விரல்களைக் காட்டினேன்.

"எத்தனை?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கப் பார்த்தாள்.

"எத்தனைம்மா?"

"ஆன்ட்டி, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

மறுநாள் அவளையும் அவள் அம்மா துயெத்தையும் ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கும்போது, தாழ்வார நாற்காலியில் ரூயின் என்னிடம் மட்டும் சொன்னாள். துயெத் வியட்நாமிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் தம்பிக்கு ஒரு கண் இல்லை. ரூயினுக்கு ஆறு வயதில், விருந்துச் சாப்பாட்டில், அப்பா கோஷெங் எல்லோர் எதிரிலும் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "உன் தம்பியாட்டம் எம் புள்ளைக்கும் கண்ணு போச்சுன்னா, ஒன்ன ஊருக்கே கப்பலேத்திடுவேன்." மேசையே சிரித்ததாம்.

"வரிசைல நிக்கிறப்பவே அட்டைய மனப்பாடம் பண்ணிடுவேன் ஆன்ட்டி. நீங்க அட்டைய மாத்தவே மாட்டீங்க."

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "பொறந்ததுலேர்ந்தே ரெண்டு கண்ணுக்கும் பவர் ரொம்ப வித்தியாசம். இடது கண்ண மூளை ஒதுக்கி வச்சிருச்சு. ஆறு வயசுல பார்த்திருந்தா கண்ணாடி போட்டு, நல்ல கண்ண ஒட்டி மூடியே பெரும்பாலும் தேத்தியிருக்கலாம். இப்ப முயற்சி பண்றேன். நம்பிக்கை குடுக்க மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "ஸ்கூல்ல செக் பண்ணலையா?"

"பண்ணினோம்," என்றேன்.

தலைமையாசிரியர் தெங்கிடம் நடந்ததைச் சொன்னேன். கதவைச் சாத்தினார். "கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க மேடம். புள்ள ஏமாத்தியிருக்கா, நாம என்ன பண்றது? நீங்களாப் போய் தலையக் குடுக்காதீங்க."

இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் ரூயின் வலது கண்ணில் ஒட்டோடு வந்தாள். "வீட்ல என்னம்மா?" என்றேன். "அப்பா அம்மாகூடப் பேசுறதில்ல. 'ஒங்க ரத்தம்'னு மட்டும் சொன்னாரு," என்றாள். அன்று மாலை கொட்டகைக்குப் போனேன்.

சிப்பி ஓட்டுக் குவியல்களுக்கு நடுவே துயெத் முக்காலியில் குனிந்திருந்தாள். கோஷெங் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"இது யாரு ரத்தமும் இல்ல. இவ தம்பி கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு நான் கேட்டப்ப டாக்டரே சொல்லிட்டாங்க. முதல் வகுப்புலயே நான் கண்டுபிடிச்சிருக்கணும். கண்ண ஒழுங்கா மூடுறாளான்னு பாக்கல. அட்டைய மாத்தல. தப்பு என்னுது."

கோஷெங் கூடையைக் கீழே வைத்தார். "நாலு வருஷம் எம் பொண்ணு உங்க எதிர்ல நின்னுருக்கா. அப்ப யாரு நர்சம்மா குருடு?"

 அவர் சொன்ன விருந்துப் பேச்சைத் திருப்பிச் சொல்ல வாய் வரை வந்தது. ரூயின் ஓட்டுக் குவியலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

துயெத் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு பிளாஸ்டிக் உறையோடு திரும்பினாள். அதற்குள் நாலு வருடத்து என் சீட்டுகள், எட்டும், வரிசை மாறாமல்.

"எனக்கு உங்க சீன எழுத்து படிக்க வராது நர்சம்மா. இந்த ரெண்டு எழுத்து மட்டும் தெரியும். 'நார்மல்'. ரூயின்தான் சொல்லிக்குடுத்தா." ஈர விரலை அதன்மேல் வைத்தாள். "ஒவ்வொரு தடவையும் நான் இதத்தான் தேடுவேன். இருந்துச்சுன்னா அன்னிக்கு நிம்மதியாத் தூங்குவேன்."

அவள் அழவில்லை. உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

ஒரு வருடம் தினமும் ஆறு மணி நேரம் நல்ல கண்ணை மூடி வைத்தார்கள். பையன்கள் "கடல் கொள்ளக்காரி, கப்பல் எங்கடி?" என்று கூவினார்கள். படியில் விழுந்தாள், வரி தெரியாமல் பாடத்தில் பின்தங்கினாள், ஒட்டைப் பிய்க்கவில்லை. இடது கண் பார்வை 0.1 ஆக இருந்தது 0.2 ஆனது. அங்கேயே நின்றுவிட்டது. டாக்டரம்மா ஒட்டை எடுத்துவிட்டு, இருக்கிற கண்ணைக் காக்க உடையாத கண்ணாடி எழுதிக்கொடுத்தார். பந்து விளையாட்டு கூடாது, சிப்பிக் கத்தி கூடவே கூடாது.

கோஷெங் இப்போது அந்த ரத்தப் பேச்சை எடுப்பதில்லை என்று ரூயின் சொன்னாள். மற்ற பேச்சும் அதிகமில்லையாம்.

அவள் நடுநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். துயெத் சந்தையில் என்னைக் கண்டால் தலையை அசைப்பாள். நிற்க மாட்டாள்.